ஃபைட்டர் மீன் குஞ்சு பிழைக்க எந்த உயிருணவு, எந்த நேரத்தில்?

கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கேட்டவர் மதுரையில் வீட்டில் மீன் வளர்க்கிறவர். ஒரு ஃபைட்டர் ஜோடி, கொஞ்சம் கப்பி, நான்கு ஏஞ்சல். ஃபைட்டர் முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கிறது, ஆனால் ஒரு வாரத்துக்குள் எல்லாம் செத்துப்போகிறது. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். கடைக்காரர் டூபிஃபெக்ஸ் புழு போடச் சொல்கிறார். கொசுப்புழு வளர்க்கலாம் என்றால் அம்மா சம்மதிக்கவில்லை. இப்போது ஆண் ஃபைட்டர் மறுபடி முட்டைக்கு நுரைக்கூடு கட்டியிருக்கிறது. பெரிய மீனுக்கும் உயிருணவு கட்டாயமா, எதை எங்கே வாங்குவது, வீட்டிலேயே வளர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

பெரிய மீன் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வளர்ந்த கப்பிக்கும் ஏஞ்சலுக்கும் உயிருணவு கட்டாயமில்லை. நல்ல தரமான பெல்லட், ஃப்ளேக்ஸ் போட்டாலே வருடக்கணக்கில் நன்றாக இருக்கும். இனப்பெருக்கத்துக்குத் தயார் செய்யும்போதும், வாங்கி வந்த மீன் சாப்பிடாமல் மூலையில் ஒதுங்கி நிற்கும்போதும் உயிருணவு பெரிய உதவி. அதற்கு மேல் அதில் மாயம் ஒன்றும் இல்லை, அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். குஞ்சு விஷயம் முற்றிலும் வேறு. ஃபைட்டர், கௌராமி மாதிரிப் பொடிக் குஞ்சு போடும் மீன்களுக்கு உயிருணவு இல்லாமல் பத்துக் குஞ்சைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

உங்கள் குஞ்சுகள் ஏன் ஒரு வாரத்தில் சாகின்றன என்று பார்க்கலாம். ஃபைட்டர் முட்டை 28 டிகிரி வாக்கில் ஒன்றரை, இரண்டு நாளில் பொரிந்துவிடும். அப்புறம் இரண்டு மூன்று நாள் குஞ்சுகள் நுரைக்கூட்டின் அடியில் வால் கீழே தொங்க நிற்கும், நழுவி விழுந்தால் ஆண் மீன் வாயில் கவ்விக் கொண்டுவந்து ஒட்டும். அந்த நாட்களில் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவே அதற்கு உணவு, வெளியிலிருந்து எதுவும் வேண்டாம். கரு தீர்ந்ததும் குஞ்சு படுக்கை வாட்டில் நீந்த ஆரம்பிக்கும். பசி தொடங்குவது அந்த மணி நேரத்தில். அப்போது அதன் வாயில் நுழைகிற அளவில், அதன் கண் முன்னால் அசைகிற ஏதாவது ஒன்று தண்ணீரில் இருக்க வேண்டும். நீங்கள் ஊற்றிய மஞ்சள் கரு அசையாது, அதனால் குஞ்சுக்கு அது உணவென்றே தெரியாது. துகள்கள் அடியில் போய்ப் படியும், மதுரை வெயிலில் சில மணி நேரத்தில் அழுகும், அமோனியா ஏறும். பாதிக் குஞ்சு பசியில் சாகும், மீதி தண்ணீர் கெட்டுச் சாகும். உங்கள் 'ஒரு வாரம்' என்ற கணக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆக உயிருணவு விஷயத்தில் இரண்டே கேள்விகள். மீனின் வாயில் அது நுழையுமா? அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது? கடைக்காரர் சொன்ன டூபிஃபெக்ஸ் இரண்டிலுமே உங்களுக்குப் பொருந்தாது. பிறந்த குஞ்சுக்கு அது மிகப் பெரிது, வளர்ந்த மீனுக்கு அது வந்த இடம் சரியில்லை.

டூபிஃபெக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் 'உயிருணவு' என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கொடுப்பது இதைத்தான். கடையில் ஆழமில்லாத ட்ரேயில், மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, சிவப்பாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உருண்டையாகக் கிடக்கும். விரலால் தொட்டால் மொத்த உருண்டையும் சுருங்கும். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபினின் நிறம், நம் ரத்தத்தில் இருக்கிற அதே வகைப் பொருள். ஆக்சிஜன் அநேகமாக இல்லாத சேற்றில் தலையைப் புதைத்து, வாலை மட்டும் வெளியே ஆட்டிக்கொண்டு உயிர் வாழ அதுதான் உதவுகிறது. அப்படிப்பட்ட சேறு எங்கே அதிகம்? சாக்கடையிலும், கழிவு நீர் கலக்கும் கால்வாயிலும். பெரும்பாலும் அங்கிருந்துதான் அரித்து எடுத்து, அலசி, விற்பனைக்கு வருகிறது. அந்தச் சேற்றில் என்னென்ன இருந்ததோ, பாக்டீரியாவிலிருந்து கன உலோகம் வரை, புழுவின் உடம்பிலும் அது இருக்கும். ஓடும் தண்ணீரில் போட்டு வைத்தால் குடலில் இருக்கும் அழுக்கு வெளியே போகும், உண்மைதான். உடம்பில் சேர்ந்த உலோகம் அதில் போகாது.

கொளத்தூர்க்காரர்கள் எல்லாம் அதைத்தானே போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். சென்னை கொளத்தூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் நாட்டிலேயே அலங்கார மீனுக்குப் பேர்போன இடம், அவர்களுக்குத் தெரிந்த தொழில் நமக்குத் தெரியாது. அவர்கள் கணக்கு வேறு. குஞ்சு சீக்கிரம் விற்கிற அளவுக்கு வளர வேண்டும், புழு மலிவு, அதில் மீன் மளமளவென்று வளரும், சில மாதத்தில் மீன் கை மாறிவிடும். நீங்கள் அதே மீனை நான்கு வருடம் வைத்திருக்க நினைக்கிறீர்கள், தொட்டியும் வரவேற்பறையில் இருக்கிறது. இன்னொன்று, வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு 'டூபிஃபெக்ஸ் போட்டால் சுழல் நோய் வரும்' என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணி டூபிஃபெக்ஸ் வழியாகப் பரவுவது உண்மை, ஆனால் அது தாக்குவது ட்ரவுட், சால்மன் குடும்பத்து மீன்களை. உங்கள் ஏஞ்சலுக்கு அந்தக் கவலை வேண்டாம். உங்கள் ஏஞ்சலுக்கு வரக்கூடியது சாதாரண வயிற்றுக் கோளாறும் பாக்டீரியா தொற்றும்.

வேறு வழியே இல்லை, டூபிஃபெக்ஸ்தான் என்றால்: வாங்கிய அன்றே போடாதீர்கள். அகலமான தட்டில் பரப்பி, புழு மூழ்குகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுங்கள். செத்தது வெளிறிச் சாம்பல் நிறமாகித் தளர்ந்து கிடக்கும், உயிரோடிருப்பது உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும், அதனால் பிரித்துக் கொட்டுவது சுலபம். இரண்டு மூன்று நாள் கழித்து, துளை போட்ட கூம்பில் வைத்து, மீன் ஒரு தடவையில் தின்று முடிக்கிற அளவு மட்டும் கொடுங்கள். மிச்சம் போனால் மணலுக்குள் புகுந்து அங்கேயே குடியிருக்கும். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஃபிரிட்ஜில் வைக்கிற டப்பாவை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

சரி, குஞ்சுக்கு வருவோம். வரிசை இதுதான்: முதலில் இன்ஃபுசோரியா, அப்புறம் ஆர்ட்டீமியா, அப்புறம் மொய்னா.

இன்ஃபுசோரியா என்பது ஒரே உயிரி இல்லை. பாரமீசியம் மாதிரிக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற நுண்ணுயிர்க் கூட்டம் அது. கண்ணாடிப் பாட்டிலில் உங்கள் பழைய தொட்டித் தண்ணீரை ஊற்றி, காய்ந்த வாழை இலைத் துண்டோ வைக்கோலோ ஒரு முட்டைக்கோஸ் இலையோ போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி கலங்கி நாறும். அது பாக்டீரியா, அதை எடுத்துக் குஞ்சுத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது, பலர் சறுக்குவது இங்கேதான். இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுத்தால் கலங்கல் தெளியும், நாற்றம் அடங்கும். பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் வெள்ளைத் தூசி தானாக நகர்வது தெரியும். பாக்டீரியாவைத் தின்று பெருகிய கூட்டம் அது. மேல்மட்டத்திலிருந்து ஒரு சிறிய கரண்டி அளவு எடுத்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை விட்டால் போதும். குஞ்சுத் தொட்டியில் ஜாவா மாஸ் என்கிற தண்ணீர்ச் செடி ஒரு கொத்து முன்கூட்டியே போட்டு வைத்தால் அதிலேயும் இந்த நுண்ணுயிர் ஒட்டியிருக்கும், நீங்கள் மறந்த வேளைக்கு அது கைகொடுக்கும். குஞ்சுத் தொட்டிக்குப் புதுத் தண்ணீர் நிரப்பாமல் பழைய தொட்டித் தண்ணீரையே பயன்படுத்தச் சொல்வதும் இதற்காகத்தான்.

நீந்த ஆரம்பித்து மூன்று நான்கு நாள் ஆனதும் ஆர்ட்டீமியா. உப்பு ஏரிகளிலும் உப்பளங்களிலும் வாழ்கிற ஒரு சின்ன இறால் இனம். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. கடையில் டின்னில் வருவது பெரும்பாலும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியிலிருந்து அள்ளியது. பழுப்பு நிறத்தில் மிக நைசான மணல் மாதிரி இருக்கும், அத்தனையும் உறங்குகிற முட்டை. ஈரம் படாமல் இருந்தால் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும், உப்புத் தண்ணீரில் போட்டால் ஒரே நாளில் பொரியும். நல்ல தரமென்றால் ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேல் பொரியும். உங்கள் ஒரு ஜோடி ஃபைட்டரின் குஞ்சுகளுக்கு கால் டீஸ்பூனே தாராளம்.

செய்முறை. இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் அடியை வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல் உப்பு, அதாவது மேசைக் கரண்டியில் ஒன்றரையிலிருந்து இரண்டு. ஒரு சிட்டிகை ஆப்ப சோடா, தண்ணீர் கொஞ்சம் காரத்தன்மையோடு இருந்தால்தான் முட்டை ஓடு நன்றாக உடையும். ஏர் பம்ப் குழாயை அடி வரை, மூடிப் பக்கம் வரை இறக்கி வேகமாகக் குமிழி விடுங்கள், ஏர் ஸ்டோன் வேண்டாம், நைசான குமிழி முட்டையை மேலே தூக்கிப் பாட்டில் சுவரில் ஒட்டிவிடும். பக்கத்தில் ஒரு பல்ப் எரியட்டும். 28 டிகிரியில் 24 மணி நேரம், மதுரை வெயில் காலத்தில் அதற்கும் முன்னாலேயே முடிந்துவிடும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மட்டும் வைக்காதீர்கள், தண்ணீர் ரொம்பச் சூடானால் பொரியும் எண்ணிக்கை குறையும்.

பொரிந்ததும் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகிவிடும். பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். காலி ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் படியும். அறையை இருட்டாக்கி, பாட்டிலின் கீழ்ப்பகுதியில் டார்ச் அடித்தால் ஆர்ட்டீமியா குஞ்சுகள் எல்லாம் வெளிச்சத்தை நோக்கி ஓடிவந்து ஆரஞ்சுப் புகை மாதிரி திரளும். அதை மெல்லிய குழாயால் உறிஞ்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி, குஞ்சுத் தொட்டியில் சொட்டு சொட்டாக விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் குஞ்சுகளைப் பக்கவாட்டில் பாருங்கள். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் வயிறு ஆரஞ்சு உருண்டையாகத் துருத்திக்கொண்டு தெரியும். எந்தக் குஞ்சு தின்றது, எது தின்னவில்லை என்று இதைவிடத் தெளிவாகச் சொல்கிற அளவுகோல் கிடையாது. வயிறு வெள்ளையாகவே இருக்கிற குஞ்சுகளுக்கு இன்னும் வாய் போதவில்லை, இரண்டு நாள் இன்ஃபுசோரியாவைச் சேர்த்தே கொடுங்கள்.

இதில் நேரம் முக்கியம். புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியாவுக்கு வாயே திறந்திருக்காது, தன் வயிற்றில் இருக்கும் கருவைக் கரைத்துத்தான் வாழும். உங்கள் மீனுக்குக் கிடைக்க வேண்டிய சத்து அந்தக் கருதான். நம் வெப்பத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போகும்போது அதில் கணிசமான பங்கு தீர்ந்துபோகும், உருவமும் கொஞ்சம் பெரிதாகிவிடும். காலையில் பொரிந்ததை மறுநாள் காலையில் போட்டால் குஞ்சு துரத்தித் துரத்திச் சக்கையைத் தின்கிறது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் இந்த வேகம் குறையும், ஒரு நாள் தாங்கும். நல்ல தண்ணீரில் விழுந்த ஆர்ட்டீமியா சில மணி நேரத்தில் செத்துவிடும், ஆகவே அரை மணியில் தீர்கிற அளவுதான் ஒரு வேளைக்கு. ஓடு கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது செரிக்காது, சின்னக் குஞ்சின் குடலை அடைக்கும். ஓடு நீக்கிய முட்டை என்றே தனியாக விற்கிறார்கள், பெரும்பாலும் அது பொரியாது, அப்படியே உணவாகப் போடுவது. மிதக்காமல் அடியில் போகும், நகராது, அதனால் ஃபைட்டர் குஞ்சுக்கு அது இரண்டாம் பட்சம், கப்பிக் குஞ்சுக்கு நன்றாகவே போகும்.

இனி மொய்னா, நல்ல தண்ணீரில் துள்ளித் திரிகிற ஒரு பொடி உயிரி. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டில் வீட்டில் மீன் வளர்க்கிற ஒருவர் ஒரே ஒரு உயிருணவுதான் வளர்க்க முடியும் என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். டாஃப்னியா என்ற பெயரில்தான் பலருக்கும் தெரியும், ஆனால் டாஃப்னியாவில் பெரிய வகைகள் குளிர்ந்த தண்ணீரை விரும்புகிறவை, பங்குனி பிறந்ததும் நம் ஊரில் படுத்துவிடும். மொய்னா அதன் உறவுதான், அளவில் சிறியது, 30 டிகிரியிலும் பெருகும். வளர்ந்தது ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், பிறந்த குஞ்சு அதில் பாதிகூட இல்லை, புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியா அளவுதான். அதனால் ஒரே டப்பிலிருந்து எடுத்த மொய்னா, ஒரு வாரக் குஞ்சுக்கும் ஆகும், வளர்ந்த ஏஞ்சலுக்கும் ஆகும். ஆர்ட்டீமியா மாதிரி நல்ல தண்ணீரில் சாகாது, தின்னும் வரை தொட்டியில் துள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்: விட்டு விட்டுத் துள்ளும், ஒரே ஒரு கறுப்புக் கண், முதுகுப் பக்கப் பையில் முட்டைகளோ குட்டிகளோ நெளிவது லென்ஸ் வைத்தால் தெரியும். அத்தனையும் பெண். நிலைமை நன்றாக இருக்கும் வரை ஆண் துணையே இல்லாமல் பெண்ணே பெண்ணைப் பெற்றுக்கொண்டு போகும், பிறந்த ஒரு வாரத்துக்குள் அதுவும் தாயாகிவிடும். பெருக்கத்தின் வேகம் அங்கிருந்துதான் வருகிறது.

வளர்ப்பது இப்படி. 50 லிட்டருக்குக் குறையாத பிளாஸ்டிக் டப், ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள், ஏனென்றால் ஒன்றில் மொய்னா என்றைக்காவது மொத்தமாகச் செத்துப்போகும். மொய்னா வளர்க்கிற எல்லாருக்கும் இது நடக்கும். மாடியில் காலை வெயில் படுகிற, மதியம் நிழல் விழுகிற இடம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்து, பாதி பழைய தொட்டித் தண்ணீரும் கலந்துகொள்ளுங்கள். மீனுக்கு மருந்து போட்ட தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள், செம்பு கலந்த மருந்து துளி இருந்தாலும் மொய்னா அத்தனையும் போய்விடும். தண்ணீர் இளம்பச்சையாக மாறினால் பாதி வேலை முடிந்தது, அந்தப் பாசிதான் அதற்குச் சிறந்த தீனி.

பச்சைத் தண்ணீர் போதாதபோது ஈஸ்ட். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை ஈஸ்டைக் கரைத்து ஊற்றினால் டப் இலேசாக மங்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மங்கல் மறுநாள் தெளிந்தால்தான் அடுத்த சிட்டிகை. தெளியவில்லை என்றால் இன்றைக்குப் பட்டினி போடுங்கள். அதிகம் போட்டால் ஈஸ்ட் அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும், விடியற்காலையில் டப் காலி. பண்ணைகளில் மாட்டுச்சாணமும் கடலைப் புண்ணாக்கும் ஊறவைத்துப் போடுவார்கள், அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் குடியிருப்பு மாடியில் அந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். தவிட்டை ஊறவைத்து வடிகட்டிய தண்ணீர் நடுத்தர வழி. ஸ்பைருலினா என்ற பாசிப் பொடி இருந்தால் ஈஸ்ட்டோடு மாற்றி மாற்றிப் போடுங்கள், மொய்னாவின் வயிறு பச்சையாகத் தெரியும், அந்தச் சத்து அப்படியே மீனுக்குப் போகும்.

டப்பைத் தினம் ஒரு நொடி பார்த்தால் போதும், நிறமே நிலைமையைச் சொல்லிவிடும். வெளிறிய நிறமோ இளம்பச்சையோ என்றால் நலம். சிவக்க ஆரம்பித்தால் ஆக்சிஜன் குறைகிறது என்று அர்த்தம், இதுவும் ஹீமோகுளோபினைச் சுரந்து சமாளிக்கப் பார்க்கும். ஏர் பம்பை இலேசாக விடுங்கள், இல்லையேல் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். முதுகில் கறுப்பாகச் சேணம் கட்டியது மாதிரி தெரிந்தால் அது உறங்கு முட்டை. கூட்டம் நெருக்கியோ தீனி குறைந்தோ இருக்கும்போது ஆண்களும் பிறந்து இந்த முட்டை உருவாகும். டப்பின் அடிச்சேற்றை அப்போது காயவைத்துத் தாளில் மடித்து வைத்துக்கொண்டால், எல்லாம் செத்துப்போனாலும் அந்தச் சேற்றில் தண்ணீர் ஊற்றி மறுபடி தொடங்கலாம். நன்றாகப் பெருகிய டப்பில் தினமும் கால்வாசியை வலையால் அள்ளலாம். அள்ளாமல் விட்டால்தான் ஆபத்து, கூட்டம் கூடித் தானே சரியும்.

தொடக்கத்துக்குக் கொஞ்சம் மொய்னா வளர்க்கிறவர்களிடம் வாங்குங்கள். குளத்தில் வலை போட்டு எடுக்கலாமா என்றால், மீன் இல்லாத மழைக்குட்டையில் எடுக்கலாம். மீன் இருக்கும் குளத்தில் எடுத்தால் மீன் பேனும் நங்கூரப் புழுவும் கூட வரும். எங்கே எடுத்தாலும் ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் டப்பில் விட வேண்டும். தும்பியின் புழு ஒன்று வந்தாலும் உங்கள் ஃபைட்டர் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். ஹைட்ரா வந்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கைகளை விரித்து நிற்கும், சின்னக் குஞ்சை அதுவும் விடாது.

அந்த டப்பின் மேல் கொசுவலை கட்டாயம், ஓரம் முழுக்க இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். இங்கே உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கொசுப்புழு மீனுக்கு அருமையான தீனிதான். காட்டு ஃபைட்டர் வயல் தண்ணீரில் தின்று வளர்வதில் அதுவும் உண்டு, முட்டைக்குத் தயார் செய்கிற பெண் மீனுக்கு அதைவிடச் சிறந்தது கிடைப்பது அரிது. ஆனாலும் நான் உங்கள் அம்மா பக்கம். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, உங்கள் டப் மாதிரி வீட்டோரம் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடிவரும். முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டும், அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த முறை தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு திருமணத்துக்கு வெளியூர் போய்த் திரும்புவதற்குள் தெருவுக்கே கொசு விட்டிருப்பீர்கள். மாநகராட்சி ஊழியர்கள் வந்து பார்த்தால் அபராதமும் உண்டு. கொசுவலை கட்டியும் டப்பில் நான்கு புழு தப்பித் தவறி வந்தால் அதை எடுத்து மீனுக்குப் போடுங்கள், அதற்காகவென்று தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பாகக் கொஞ்சம் தடிமனாக வருகிற ரத்தப்புழு, கடிக்காத ஒரு பூச்சியின் இளம்பருவம். உயிரோடு வாங்கினால் டூபிஃபெக்ஸுக்குச் சொன்ன சந்தேகம் இதற்கும் உண்டு, உறைந்த கட்டியாக நல்ல கம்பெனி சரக்கு வாங்கினால் ஏஞ்சலுக்கு வாரம் ஒரு முறை தரலாம். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் உலர்ந்த ரத்தப்புழுப் பாக்கெட்டைத் திறக்கும்போது கவனம், அதன் தூள் பலருக்கு ஒவ்வாமை கிளப்பும். மைக்ரோ புழு வளர்ப்பது சுலபம். ஒரு டப்பாவில் ஓட்ஸ் கஞ்சியைக் கெட்டியாகப் பரப்பி, மேலே சிட்டிகை ஈஸ்ட் தூவி, தொடக்கத்துக்கு வாங்கிய புழு கொஞ்சம் விட்டால் சில நாளில் சுவரில் ஏறி நிற்கும், விரலால் வழித்துத் தண்ணீரில் அலசிவிடலாம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை புது டப்பாவுக்கு மாற்ற வேண்டும், எறும்பு வராமல் தண்ணீர்த் தட்டின் மேல் வைக்க வேண்டும். அது அடியில் போய்விடுவதால் மேல்மட்டத்தில் நிற்கிற ஃபைட்டர் குஞ்சுக்கு வினிகர் புழு இன்னும் பொருத்தம். பழ வினிகரில் வளரும், தண்ணீரில் நாள்கணக்கில் உயிரோடு நடுமட்டத்தில் நீந்தும், இன்ஃபுசோரியா தயாராகவில்லை என்றால் அந்த இடத்தை இது நிரப்பும். பின்னாளில் ஆஸ்கர், அரோவானா வாங்கினால் சிலர் சின்ன கோல்டு ஃபிஷ்ஷை உயிரோடு போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நோயும் வரும், கோல்டு ஃபிஷ்ஷில் இருக்கிற ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். மருந்தடிக்காத இடத்து மண்புழுவை அலசி வெட்டிப் போடுவது நல்லது, ஆனால் மண்புழு உரக் குழியில் வளர்கிற ஐசீனியா வகையைச் சில மீன் வாயில் வைத்துவிட்டுத் துப்பும், அதன் உடம்பிலிருந்து வரும் மஞ்சள் திரவம் பிடிக்காது.

உங்கள் கப்பிக்கு எந்தத் தலைவலியும் இல்லை. அது குட்டியாகவே பிறக்கிறது, பிறந்த அன்றே ஆர்ட்டீமியா தின்னும், நைசாகப் பொடித்த ஃப்ளேக்ஸும் தின்னும். வளர்ந்த கப்பிக்கு வாரம் இரண்டு முறை மொய்னா, மற்ற நாள் வழக்கமான தீனி, பாசி கலந்ததாக இருந்தால் நல்லது. ஏஞ்சல் குஞ்சு நீந்த ஆரம்பித்த நாளிலிருந்தே ஆர்ட்டீமியா தின்னும் அளவுக்கு வாய் இருக்கும், இன்ஃபுசோரியா வேண்டாம். வளர்ந்த ஃபைட்டருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: உலர்ந்த புழு, உலர்ந்த கட்டி எதுவாக இருந்தாலும் ஊறவைத்துப் போடுங்கள், இல்லையென்றால் வயிறு உப்பிப் பக்கவாட்டில் மிதக்கும். அந்த நிலைக்கு வந்தால் இரண்டு நாள் பட்டினி போட்டு, அப்புறம் நான்கைந்து மொய்னா கொடுத்தால் பல சமயம் சரியாகிவிடும், அதன் ஓடு நார்ச்சத்து மாதிரி குடலைத் தள்ளிவிடும்.

ஆண் மீன் மறுபடி கூடு கட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஜோடியை இன்றைக்கே சேர்க்காதீர்கள். முதலில் இன்ஃபுசோரியா பாட்டில் இரண்டு போடுங்கள், ஒரு நாள் இடைவெளி விட்டு, ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும். அது தெளிந்து தூசி நகர்வது தெரிந்த அன்று ஜோடியைச் சேருங்கள். முட்டை பொரிந்து குஞ்சு நீந்த நான்கைந்து நாள் ஆகும், அதற்குள் பாட்டில் வற்றாமல் தினமும் ஒரு சின்னத் துண்டு இலை போட்டுவாருங்கள். குஞ்சு படுக்கையாக நீந்துவதைப் பார்த்ததும் ஆண் மீனையும் எடுத்துவிடுங்கள், பெண்ணை முட்டை போட்டு முடித்ததுமே எடுத்திருக்க வேண்டும். ஆர்ட்டீமியாவை நீந்த ஆரம்பித்த இரண்டாம் நாள் இரவே ஊறப் போட்டால் மூன்றாம் நாள் இரவு கையில் இருக்கும். மொய்னா டப்பை இந்த வாரமே மாடியில் வைத்துவிடுங்கள், அது தேறிவர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், குஞ்சுகளுக்கு அது சரியாகத் தேவைப்படுகிற நேரமும் அதுதான்.